பட்டுத் தொப்பியும் குஞ்சலமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் கடல் பயணங்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில் மேரி பிரையன்ட் என்ற கைதிப் பெண்ணைப் பற்றி இரண்டே வரி இருந்தது. அதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். பசிக்காக ஒரு தொப்பியைத் திருடிய அப்பாவிப் பெண்ணை ஆஸ்திரேலியாவுக்குத் தீவாந்தர தண்டனையில் அனுப்பியிருக்கிறார்கள். அவள் காதல் கணவனோடும் இரண்டு குழந்தைகளோடும் சின்னப் படகில் தப்பித்திருக்கிறாள். இந்த வீரப்பெண்ணைப் பற்றித் தமிழில் ஒரு நாவல் எழுத ஆசைப்படுகிறேன்.

கடலை வாழ்க்கையில் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். நான் இதை எழுதலாமா? யாரோ வெள்ளைக்காரியைப் பற்றி எழுதுவதைவிட அந்தமானுக்குப் போன நம் பெண்களைப் பற்றி எழுது என்கிறார் என் கணவர். அது சரியா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எழுத வேண்டும்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

வழக்கமாக இந்த மாதிரிக் கடிதங்களுக்கு 'எழுதுங்கள், வாழ்த்துகள்' என்று ஒரு வரியில் பதில் போட்டுவிடுவேன். உங்களுடையது வந்த அன்று காலை என் மேஜையில் ஒரு பழைய குஞ்சலம் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு திருட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து 'பசிக்காக ஒரு தொப்பியைத் திருடிய அப்பாவிப் பெண்' என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் சுருக்கென்று வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். திட்டுகிற இடங்களில் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் சின்னக் கேள்விகள். எத்தனை மணி நேரம் எழுதுவது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. மார்ச் மாதக் கணக்கை முடிக்கத் தெரிந்த உங்களுக்கு நேரத்தைப் பற்றி நான் என்ன சொல்லித் தர? கடலைத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு ஏதாவது மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் நடக்கிற இடத்தில் நின்று பாருங்கள். அவள் புருஷன் மீனவன். இந்தக் கதையில் பாதி, மீனை யார் பிடிப்பது யார் தின்பது என்ற தகராறுதான்.

அந்தமான் பற்றி உங்கள் வீட்டுக்காரர் சொன்னது தப்பில்லை. 1858இல் அங்கே கைதிக் குடியேற்றம் தொடங்கியது, பின்னால் பெண்களையும் கொண்டுபோனார்கள். சில வருடம் நன்னடத்தையோடு கழித்தவளைக் குடியேறிய ஆண் கைதி ஒருவன் கல்யாணம் செய்துகொள்ள அனுமதியும் இருந்தது. ஆனால் ஒன்று, அங்கே போன பெண்களில் பெரும்பாலோர் கொலைக்குற்றத்தில் போனவர்கள். புருஷனைக் கொன்றவள், பெற்ற குழந்தையைக் கொன்றவள். ரொட்டி திருடிய அப்பாவியைத் தேடிக்கொண்டு அந்தமான் போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். அதை எழுதும் தைரியம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சரி, அது தனிக் கதை.

இப்போது 'பசிக்காக' என்ற சொல்லுக்கு வருகிறேன். இதை எங்கிருந்து எடுத்தீர்கள்? இங்கிலாந்தில் எக்ஸிடர் நகர நீதிமன்றத்தில் 1786 மார்ச் 20 அன்று நடந்த வழக்கு அது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் பெயர் மேரி பிராட், கார்ன்வாலில் ஃபோயி என்ற துறைமுக ஊர்க்காரி, இருபது வயது. கூட இரண்டு பெண்கள், கேத்தரின் ஃபிரையர், மேரி ஹேடன். மூன்று பேரும் சேர்ந்து பிளிமத்தில் ஆக்னஸ் லேக்மேன் என்ற பெண்ணை நடுவழியில் மறித்துத் தாக்கி, பட்டுத் தொப்பியையும் வேறு சில பொருட்களையும் பறித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழிப்பறி. கடைவாசலில் யாரும் பார்க்காதபோது கையை நீட்டிய கதை இல்லை. மூன்று பேர் ஒருத்தியை மடக்கிய கதை. அந்த ஆக்னஸ் லேக்மேன் வீட்டுக்குப் போய் எத்தனை நாள் நடுங்கினாள் என்று உங்கள் நாவலில் ஒரு பக்கமாவது வருமா?

தீர்ப்பு தூக்குத் தண்டனை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் சுமார் இருநூறு குற்றங்களுக்குத் தூக்கு உண்டு. எல்லாரையும் தூக்கில் போட்டால் கயிறு போதாது என்பதால் பாதிப் பேரை நாடு கடத்துவார்கள். முன்பு அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே சுதந்திரப் போர் வந்ததும் அந்தக் கதவு சாத்திக்கொண்டது. கைதிகளைப் பழைய கப்பல்களில் அடைத்து வைத்தார்கள். மேரியின் தூக்கு ஏழு வருட நாடு கடத்தலாகக் குறைந்தது. பிளிமத்தில் டன்கர்க் என்ற சிறைக்கப்பலில் கிடந்தாள். 1787 மே மாதம் கைதிகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் பதினோரு கப்பல்கள் கிளம்பின. அவள் ஏறியது சார்லட் என்ற கப்பலில். அப்போதே வயிற்றில் பிள்ளை. போகிற வழியில் பெண் குழந்தை பிறந்தது, அதற்குக் கப்பலின் பெயரையே வைத்தாள்.

1853 வரை இப்படிப் போன பெண்கள் சுமார் 25,000 பேர். பெரும்பாலோர் திருட்டுக் கேஸ்கள். அவர்கள் எதைத் திருடினார்கள் என்று வரிவரியாகப் படித்தால் ரொட்டியைவிடத் துணி அதிகம் வரும். எஜமானியின் கவுன், காலுறை, ரிப்பன், கைக்குட்டை, மேஜைவிரிப்பு. துணிக்கு அன்று நல்ல விலை, அடகுக்கடையில் உடனே காசாக்கலாம், ஆகவே இதுவும் பசிதான் என்று நீங்கள் வாதாடலாம். பாதி கேஸ்களில் நான் ஒத்துக்கொள்வேன். மீதிப் பாதியை என்ன செய்வீர்கள்? எடுத்த ரிப்பனைத் தன் தலையிலேயே கட்டிக்கொண்டு தெருவில் நடந்து பிடிபட்டவளை?

இந்த இடத்தில்தான் அந்தக் குஞ்சலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் என் சித்தி காலமானாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில் ஒரு வெள்ளை மல்துணியில் சுற்றி வைத்திருந்தது அவளுடைய கல்யாணக் குஞ்சலம். மூன்று பட்டுக் குண்டுகள், இரண்டு சிவப்பு, நடுவில் பச்சை. மேலே ஜரிகைத் தொப்பி மாதிரி வேலைப்பாடு, அது கறுத்துவிட்டது. பிடித்து ஆட்டினால் உள்ளே ஏதோ பொடியாக உதிர்ந்தது. யாருக்கும் வேண்டாம் என்றார்கள், நான் எடுத்து வந்தேன்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அந்தக் குஞ்சலம் ஒரு நாள் காணாமல் போனது. சித்திக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம், ஆடிக்கு வந்திருந்தாள். வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வருவாள். பெயர் எழுத வேண்டாம், அவளுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். முடியை எப்போதும் சுருட்டிக் கொண்டையாகத்தான் போட்டிருப்பாள். சாணியும் சாம்பலும் அள்ளுகிறவளுக்குப் பின்னல் எதற்கு?

மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தார்கள். பந்து மாட்டுக்கொட்டில் பக்கம் உருண்டு போனதால் கொல்லைக்கு ஓடினேன். அவள் கழுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கொண்டையை அவிழ்த்துப் பின்னிப் போட்டிருந்தாள். நான் நினைத்ததைவிட நீளமான முடி. பின்னல் நுனியில் சித்தியின் குஞ்சலம். தொட்டியில் தவிடு அடியில் தங்கி மேலே தண்ணீர் தெளிந்திருந்தது, அதில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நேராகப் பார்த்தால் முகம்தான் தெரியும், பின்னல் தெரியாது. அதனால் தலையை மெதுவாகத் திருப்பி, பின்னலை வீசி, குண்டுகள் இடுப்பில் வந்து மோதுவதை ஓரக்கண்ணால் தண்ணீரில் பார்த்தாள். மறுபடியும் வீசினாள். குஞ்சலம் மோதுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, பொத் என்று ஒன்று.

என்னைப் பார்த்தாள். பயந்ததாகத் தெரியவில்லை. "நல்லாருக்கா தம்பி?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கு" என்றேன். பொய் இல்லை. நன்றாகத்தான் இருந்தது. பந்தை எடுத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் சித்தி அழுதபோது போய்ச் சொல்லிவிட்டேன்.

பாட்டி விசாரித்தாள். என் பாட்டி தர்மவதி என்று தெருவில் பெயர். எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து யாரும் சாப்பிடாமல் போனதில்லை. அரிசிப் பானையில் அந்த அக்கா அவ்வப்போது கைவைப்பதும் பாட்டிக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டாள். "புள்ளைக்காரி, போறா" என்பாள். அன்றும் அவளுக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டாள். "வயித்துக்கு இல்லேன்னு எடுத்தேன்னு சொல்லு, விட்டுடறேன். வித்து அரிசி வாங்கலாம்னுதானே எடுத்தே?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். மறுநாளும் வேலைக்கு வந்திருப்பாள், பாட்டி கூடக் கால் படி போட்டே அனுப்பியிருப்பாள். அவள் சொன்னது இது: "கட்டிப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சும்மா."

"ஆசையாமே" என்றாள் பாட்டி. அந்த ஒரு சொல்லோடு வேலை போயிற்று. இருபது நாள் கூலியையும் கொடுக்கவில்லை.

ஆர்., உங்கள் கடிதத்தில் இருப்பது என் பாட்டியின் குரல். கோபப்பட வேண்டாம், எனக்குள்ளும் அதே குரல் இருக்கிறது. பசித்தவள் திருடினால் நமக்குக் கண்ணீர் வருகிறது. ஆசைப்பட்டவள் திருடினால் 'ஆசையாமே' என்கிறோம். ஏழைக்கு வயிறு இருக்கலாம், தலையும் தலையில் வைத்துக்கொள்ள ஆசையும் இருக்கக் கூடாது. நாம் இரக்கப்படுவதற்கு வசதியாக மேரியின் கையில் ஒரு ரொட்டியைக் கொடுத்துவிடுகிறோம். தொப்பியை எடுத்ததாக நீங்களே எழுதிவிட்டு அதற்கு முன்னால் 'பசிக்காக' என்று போட்டீர்களே, கை கூசவில்லையா? தொப்பியைத் தின்ன முடியாது, அம்மா.

நல்லவளாக இருந்தால்தான் இரக்கம் என்பது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. மேரியின் கதை முழுக்க அதுதான் வருகிறது. 1788 ஜனவரியில் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. பிப்ரவரி 10 அன்று அவளுக்கும் வில்லியம் பிரையன்டுக்கும் கல்யாணம். அவனும் கைதி, கார்ன்வால்காரன், மீன் பிடிக்கத் தெரிந்தவன். குடியேற்றமே பட்டினி கிடந்த காலம், அதனால் அவனிடம் படகுகளை ஒப்படைத்தார்கள். அடுத்த வருடம் மீனைத் திருட்டுத்தனமாக விற்றான் என்று நூறு கசையடி, குடிசையிலிருந்தும் வெளியேற்றினார்கள். ஆனாலும் படகு வேலையை விட்டு எடுக்க முடியவில்லை, வேறு ஆள் இல்லை. 'காதல் கணவன்' என்கிறீர்கள். இந்த நாட்டில் நடந்த கல்யாணம் என்னைக் கட்டுப்படுத்தாது என்று அவன் பேசித் திரிந்ததை அந்தக் குடியேற்றத்தின் அதிகாரி டேவிட் காலின்ஸ் எழுதி வைத்திருக்கிறார். தண்டனை முடிந்ததும் அவளை விட்டுவிட்டுக் கப்பலேற அவனுக்கு எண்ணம் இருந்திருக்கலாம். அப்படிப்பட்டவனோடு, மூன்று வயதுப் பெண்ணையும் ஒரு வயது இமானுவேலையும் தூக்கிக்கொண்டு, 1791 மார்ச் 28 இரவு கவர்னரின் படகில் ஏறினாள். காதல் என்று எழுதினால் ஒரு அத்தியாயம்தான் வரும். இதை இதுவாகவே எழுதினால் நாவல் வரும்.

வேறு ஏழு ஆண் கைதிகளும் உண்டு. மொத்தம் பதினோரு பேர். துறைமுகத்தில் துரத்தி வர ஒரு கப்பலும் இல்லாத நாளாகப் பார்த்துக் கிளம்பினார்கள். அன்றுதான் கிளம்பிப் போயிருந்த டச்சுக் கப்பலின் தலைவனிடமிருந்து திசைகாட்டியும் வரைபடமும் துப்பாக்கியும் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்கள். 69 நாள், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல், டிமோர் தீவின் குபாங் வரைக்கும் போனார்கள். ஒருவரும் சாகவில்லை. இதெல்லாம் நீங்களே படித்திருப்பீர்கள், நீட்டவில்லை. 'வீரப்பெண்' என்று எழுதியதற்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். படகில் இருந்த ஜேம்ஸ் மார்ட்டின் என்பவனின் குறிப்பு மிஞ்சியிருக்கிறது. அதில் அவள் 'அந்தப் பெண்' என்றுதான் வருகிறாள். அந்தப் பெண்ணும் இரண்டு குழந்தைகளும் மோசமான நிலையில் இருந்தார்கள், எல்லாம் நனைந்து நெருப்பு மூட்ட வழியில்லை என்கிறான். படகின் தலைவியாக அவளை ஆக்கியது பின்னால் வந்த கதைசொல்லிகள். இரண்டு மாதத்துக்கு மேல் இரண்டு குழந்தைகளைச் சாகவிடாமல் வைத்திருந்ததே போதாதா? எதற்குக் கையில் சுக்கான் வேறு?

குபாங்கில் கப்பல் உடைந்து தப்பியவர்கள் என்று பொய் சொல்லிச் சில மாதம் நன்றாகவே இருந்தார்கள். பிறகு குட்டு வெளிப்பட்டது. அந்தச் சமயத்தில் அங்கே நிஜமாகவே கப்பல் உடைந்து வந்து சேர்ந்தார் எட்வர்ட் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் கேப்டன். அவர் இவர்களைப் பிடித்து பட்டாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கொண்டுபோனார். அங்கே 1791 டிசம்பரில் இமானுவேலும் வில்லியமும் மூன்று வாரத்துக்குள் செத்தார்கள். அதற்கப்புறம் ஆண்களில் மூன்று பேர் வழியில் செத்தார்கள். கேப் டவுனிலிருந்து இங்கிலாந்துக்கு கார்கன் என்ற கப்பல். 1792 மே 6 அன்று நான்கு வயது சார்லட்டும் இறந்தாள். கடலில் பிறந்தது கடலுக்கே போயிற்று என்று எழுத உங்களுக்குக் கை அரிக்கும். எழுதாதீர்கள்.

அந்தக் கப்பலில் ரால்ஃப் கிளார்க் என்ற கடற்படை வீரர் வந்துகொண்டிருந்தார். குழந்தை செத்ததையும் கடலில் விட்டதையும் நாட்குறிப்பில் ஒன்றிரண்டு வரியில் எழுதியிருக்கிறார். ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது இதே நாட்குறிப்பில் கைதிப் பெண்களை வேசிகள் என்று திட்டித் தீர்த்தவர் அவர். ஊரில் விட்டுவந்த மனைவி அலிஷியாவை நினைத்துப் பக்கம் பக்கமாக உருகுவார். அப்புறம் நார்ஃபோக் தீவில் மேரி பிரனம் என்ற கைதிப் பெண்ணோடு அவருக்கு ஒரு பெண் குழந்தை. அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? அலிஷியா. அந்தக் குழந்தையைப் பற்றி நாட்குறிப்பில் தேடாதீர்கள், கிடைக்காது.

இன்னொருவர் வாட்கின் டென்ச். நல்ல மனிதர், நன்றாக எழுதுவார். 1787இல் மேரியை ஏற்றிக்கொண்டு போன அதே சார்லட் கப்பலில் போனவர், கார்கனில் அவளோடு திரும்பி வருகிறார். இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இரக்கமும் வியப்பும் வராமல் இருந்ததில்லை என்று எழுதினார். எனக்குப் பிடித்த மனிதர்தான். ஆனால் அதை ஒட்டியே இன்னொன்றையும் எழுதுகிறார்: அந்தப் பெண் போகும்போதே நன்னடத்தையால் தனித்துத் தெரிந்தவள் என்று. நன்னடத்தைச் சான்றிதழ் இல்லாமல் இரக்கத்தைக் கையால்கூடத் தொட மாட்டேன் என்கிறார்.

லண்டன் நியூகேட் சிறைக்கு வந்தபின் பத்திரிகைகளில் செய்தி அடிபட்டது. ஜேம்ஸ் போஸ்வெல், சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கையை எழுதி அப்போது பெரிய பெயரோடு இருந்தவர், வக்கீல், அவளுக்காக அமைச்சர்கள் வீட்டு வாசலில் போய் நின்றார். 1793 மே 2 அன்று அரசரின் மன்னிப்பு வந்தது. உங்கள் கணக்குப் புத்தியைக் கொண்டு பாருங்கள்: 1786 மார்ச்சில் ஏழு வருடம் என்றார்கள். மார்ச்சிலேயே கணக்கு முடிந்துவிட்டது. முடிந்துபோன தண்டனைக்கு ஒன்றரை மாதம் கழித்து மன்னிப்பு! போஸ்வெல் அவளுக்கு வருடம் பத்து பவுண்டு தருவதாகவும் ஏற்றுக்கொண்டார். இரக்கமுள்ள காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: அவள் நல்லபடியாக நடந்துகொள்ளும் வரை. லண்டன் தெருக்களில் ராத்திரி தான் எங்கெல்லாம் போனேன், என்ன நோயை வாங்கி வந்தேன் என்று தன் நாட்குறிப்பில் தானே எழுதி வைத்த மனிதர் போஸ்வெல். அவர் ஒரு பெண்ணுக்கு நன்னடத்தை நிபந்தனை போட்டார். 1795இல் அவர் இறந்ததும் வீட்டார் பணத்தை நிறுத்திவிட்டார்கள்.

நான் எதற்கு இதை இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், குழந்தை, புருஷன் என்று எல்லாவற்றையும் இழந்தபின்தான் அவள் நமக்கு வேண்டிய அளவுக்கு நல்லவளாகிறாள். டென்ச், போஸ்வெல், நீங்கள், நான், எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறோம். 1786இல் பிளிமத் சாலையில், கையில் அடுத்தவள் தொப்பியோடு மூச்சிரைக்க நிற்கிற பெண்ணை யாருக்கும் பிடிக்கவில்லை. அவளைத் துடைத்துச் சுத்தம் செய்துதான் கதைக்குள் விடுகிறோம்.

அந்த அக்காவைப் பின்னால் ஒரு முறை பார்த்தேன். எனக்குக் கல்யாணமாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள், முடி பாதி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. இரண்டு முழம் மல்லிகை கேட்டேன். முழங்கையைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொண்டு அளந்தாள். ஒரு சாணாவது குறைந்திருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை. இருபது நாள் கூலிக்கு முன்னால் ஒரு சாண் பூ எந்த மூலைக்கு? பஸ்ஸில் ஏறியபின் மனைவி அளந்து பார்த்துவிட்டு, "ஏமாந்து வந்திருக்கீங்க" என்றாள்.

மேரியிடம் கடைசியில் மிஞ்சியது சில காய்ந்த இலைகள். சிட்னி, பாட்டனி பே பக்கத்தில் ஒரு காட்டுக்கொடி உண்டு, நம்மூர் நாட்டுமருந்துக் கடையில் விற்கிற பரங்கிப்பட்டையின் உறவு. இலையைக் கொதிக்க வைத்தால் சர்க்கரை போடாமலே தித்திக்கும். கைதிகள் அதை இனிப்புத் தேயிலை என்று சொல்லிக் குடித்தார்கள். அதில் கொஞ்சத்தைப் பறித்துக் கொண்டுவந்திருக்கிறாள். குபாங், பட்டாவியா, கேப் டவுன், நியூகேட் என்று எங்கேயும் அது தொலையவில்லை. போஸ்வெலுக்குக் கொடுத்தாள். அவர் அதை ஒரு தாளில் மடித்து, பாட்டனி பே இலைகள், தேயிலையாகப் பயன்பட்டவை என்று மேலே எழுதி வைத்தார். அவருடைய காகிதங்களோடு அது பிழைத்துக் கிடந்தது. அதில் சில இன்று சிட்னியில் மிட்சல் நூலகத்தில் இருக்கின்றன.

எதற்காகக் கொண்டுவந்தாள்? மருந்துக்கு, வழியில் குடிக்க என்று காரணம் சொல்லலாம். குடித்திருந்தால் மிஞ்சியிருக்காதே. எனக்கென்னவோ அந்தத் தொப்பியைப் பறித்த அதே கைதான் இதையும் பறித்தது என்று படுகிறது. ஒன்று பிடித்துப்போனால் எடுத்து வைத்துக்கொள்கிற கை. அதை நல்ல குணம் என்றும் சொல்ல முடியாது, கெட்ட குணம் என்றும் சொல்ல முடியாது.

நாவல் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள், அதற்குப் பதில் சொல்லவே மறந்துவிட்டேன். எழுதுங்கள். கப்பலில் ஆரம்பிக்காதீர்கள். மூன்று பெண்களும் ஓடி ஒளிந்த ஏதோ ஒரு சந்தில் ஆரம்பியுங்கள். யார் முதலில் தலையில் வைத்துப் பார்ப்பது என்று மூன்று பேருக்கும் சண்டை வரட்டும். இருபத்தைந்து பக்கம் எழுதியதும் அனுப்புங்கள், படிக்கிறேன். முதல் பக்கத்தில் அவள் வயிறு காய்ந்திருந்தால் மட்டும் அனுப்ப வேண்டாம்.